சரீர முயற்சியின் பிரயோஜனம்



சக்கர நாற்காலிக்கும், செயற்கைக் காலுக்கும், காலிப்பருக்கும் நாங்கள் உதவி கேட்ட போதெல்லாம் நீங்கள் தாராளமாய்க் கொடுத்து வந்திருக்கிறீர்கள். ஆனால் ஊனமுற்றோரின் விளையாட்டுக்கென்று பேச்செடுத்தால் சபைகளில் ஒரு சிறு தயக்கம் தெரிகிறது. "ஐயா, மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் கொடுக்கிறோம். பந்துக்கும் மட்டைக்குமா காணிக்கை?" என்று மூப்பர்கள் சிலர் நேராகவே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் ஆஸ்பத்திரி வார்டிலிருந்தே தொடங்குகிறது என்பதால், இந்த இதழின் பாடத்தை அதற்கென்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. எங்கள் பழைய அறிக்கைகளில் 'ஊனமுற்றோர்' என்றே எழுதி வந்தோம். இப்போது தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் நிலைத்துவிட்டது. 2011ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் நாம் சந்திக்கிறவர்கள் பலவிதம். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களில் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர்கள் அதிகம். தேவகிருபையாலும் சொட்டு மருந்தாலும் அந்த வியாதியின் இயற்கைக் கிருமி 2011க்குப் பின் நம் தேசத்தில் புதிதாய் யாரையும் முடக்கவில்லை. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இன்று வருகிற இளைஞர்களின் கதை வேறு. கொல்கத்தா நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், பிரஸ் மெஷினில் விரல்களையோ கையையோ கொடுத்தவர்கள். சிப்காட் வளாகங்களிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிற ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்குக் காயம் பட்டால், தையல் பிரிக்கும் முன்பே ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்களைத் தொடர்ந்து பார்க்க நமக்கு வழியில்லை.

உள்ளூர்க்காரரை வீட்டில் போய்ப் பார்க்கிறோம். அங்கேதான் எங்கள் மனசு உடைகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு, மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று, சக்கர நாற்காலியோடு வீடு திரும்பியவர் அதே கட்டிலில் படுத்துக் கிடப்பார். வாசற்படி உயரம், தெருவில் ஜல்லி, போவதற்கு ஓர் இடமுமில்லை. நீங்கள் கொடுத்த நாற்காலி திண்ணையில் நிற்கும். அதன் மேல் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக் கிடக்கும் சரீரத்துக்கு என்ன நேரிடுகிறது என்று சற்று விவரமாய்ப் பார்ப்போம். தண்டுவடம் அறுபட்டால் கால் அசையாது என்பது மட்டும் அல்ல, உணர்வும் போய்விடும். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறி உட்காருகிறோம். அவருக்கு வலி தெரியாததால் அசைவதில்லை. உட்காரும் எலும்பின் கீழே தோலுக்கு ரத்தம் போகாமல், ஒரே நாளில் கூடச் சிவந்து, பிறகு புண்ணாகி, எலும்பு வரைக்கும் குழியாகிவிடும். மூத்திரப்பை சரியாகக் காலியாகாவிட்டால் தொற்று ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வேலை கொடுக்காத தசை கரைந்துபோகும். பாரம் தாங்காத எலும்பு பொறையோடிப்போகும். மூட்டு மடங்கியபடியே இறுகும். மலச்சிக்கல், உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பின்னால் வரிசையாய் வருகின்றன. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, பேசுவதற்கு ஆளில்லாத மனச்சோர்வு. மனம் சோர்ந்தவர் சாப்பாட்டைக் குறைப்பார், தண்ணீரைக் குறைப்பார், திரும்பிப் படுக்கச் சொன்னால் "எதற்கு?" என்பார். விபத்திலே தப்பியவரைப் புண்ணிலே பறிகொடுப்பது எந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கும் தெரிந்த துக்கம்.

இந்தத் துக்கத்துக்கு மருந்து தேடிய ஒரு வைத்தியரிடமிருந்துதான் மாற்றுத்திறனாளிகளின் பெரிய விளையாட்டு இயக்கமே பிறந்தது. அவர் பெயர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில் பேர்பெற்ற நரம்பியல் மருத்துவர். யூதர் என்பதால் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அகதியாய் வந்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில், போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கான பிரிவை அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்நாட்களில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பிழைக்காதவர்கள் என்றே எண்ணினார்கள். மயக்கமருந்து கொடுத்து மூலையில் கிடத்துவதே வழக்கம். குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருதரம் அவர்களைப் புரட்டிப் போடச் சொன்னார். மூத்திரத் தொற்றைக் கண்ணும் கருத்துமாய்க் கவனித்தார். புண் ஆறியது, உயிர் நின்றது. ஆனால் பிழைத்தவர்கள் படுக்கையிலே சும்மா கிடந்தால் மறுபடி புண் வரும் என்று கண்டு, அவர்கள் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார்.

வில்லைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. வில் இழுப்பதற்குத் தோளும் முதுகும் பலப்பட வேண்டும். காலின் துணையில்லாமல் இடுப்புக்கு மேலே உடம்பை நிமிர்த்தி நிறுத்தப் பழக வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவவும், உட்கார்ந்தபடி கைகளால் உடம்பைத் தூக்கிப் புண் வராமல் காக்கவும் தேவைப்படுவது இதே பலம்தான். பிசியோதெரபிஸ்ட் பத்து தரம் செய் என்றால் முகம் சுளிக்கிறவர், அடுத்த நாற்காலிக்காரனை ஜெயிக்க நூறு தரம் செய்வார். இதை குட்மன் நன்றாய் அறிந்திருந்தார். 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் துவங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960இல் ரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கூடிய போட்டியாயிற்று. அதையே இன்று முதலாவது பாராலிம்பிக் என்கிறார்கள். ஆகவே விளையாட்டு இங்கே சிகிச்சைக்குப் பின் வந்த கேளிக்கையாய் ஆரம்பிக்கவில்லை. வார்டின் மருந்துச்சீட்டிலேயே அது இருந்தது.

நம் நாட்டிலும் அப்படியே. 1965 யுத்தத்தில் குண்டுபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற ராணுவ வீரர், சிகிச்சையின் பாகமாக நீச்சலில் இறங்கினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான்.

வேலூரை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை இந்த இடத்தில் நினையாமல் இருக்க முடியாது. 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களைப் பிற்காலத்தில் 'ரிஹாப் மேளா' என்ற பெயரில் திரும்ப அழைத்து, உடம்பைச் சோதித்து, விளையாட்டுப் போட்டிகளும் வைக்கும் வழக்கம் வந்தது. புண் உண்டா என்று பார்ப்பதும் பந்து எறிவதும் ஒரே கூடுகையில் நடப்பது எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சோதனைக்கென்று மட்டும் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டனில் வெண்கலம் வென்ற மனிஷா ராமதாஸ் திருவள்ளூரில் பிறந்த பெண். 2005ஆம் வருஷத்துப் பிள்ளை. 2022இல் தோக்கியோவில் நடந்த உலகப் போட்டியிலும் தன் பிரிவில் தங்கம் வென்றவர். அவருக்கு உள்ள குறைபாட்டின் பெயர் எர்ப்ஸ் பால்ஸி. எங்கள் பிரசவ வார்டுச் சகோதரிகள் அறிந்த பெயர்தான். தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை இழுபட்டுக் காயமடையும். காயம் லேசானால் சில மாதங்களில் கை திரும்பிவிடும். பலமானால் தோளும் முழங்கையும் பலவீனமாகவே நின்றுவிடும். மனிஷாவுக்குப் பாதிக்கப்பட்டது வலது கை.

இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார் என்ன செய்கிறார்கள் என்பதை நாங்கள் வருஷக்கணக்காய்ப் பார்த்து வருகிறோம். கையைத் துண்டில் சுற்றி மறைப்பார்கள். "வலிக்குமே" என்று அசைக்க விடமாட்டார்கள். அசையாத தோள் மூட்டு உள்ளுக்குள் இறுகி, பின்பு யார் நினைத்தாலும் மேலே தூக்க முடியாமல் போகும். குழந்தை நாளிலிருந்தே பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் விதத்தில் தோளையும் முழங்கையையும் மெதுவாய் முழு அளவுக்கு அசைக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு விளையாட்டு அந்த வேலையைச் செய்கிறது. பாட்மிண்டனில் மட்டை பிடிப்பது ஒரு கைதான். ஆனால் ஓடவும் திரும்பவும் எம்பவும் உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. பலவீனமான கையும் தராசுத் தட்டைப் போல உடம்பின் சமநிலைக்காக உழைக்கிறது.

பாரிஸில் அந்த ஒரே பிரிவின் அரையிறுதியில் மனிஷாவும், காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினார்கள். துளசிமதி ஜெயித்து, பிறகு வெள்ளி பெற்றார். ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கு வேறொரு பிரிவில் வெண்கலம். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுவுக்கு வெண்கலம். இவர் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்தார் தாயார். அவர் 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021இல் தோக்கியோவில் வெள்ளியும் பெற்றவர். யோனத்தானின் மகன் மேவிபோசேத்தும் ஐந்து வயதில்தானே தாதியின் கையிலிருந்து விழுந்து முடவனானான் (2 சாமுவேல் 4:4). ராஜாவின் பந்தியில் அவனுக்கு இடம் கிடைத்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். பந்தியைத் தவிர வேறெங்கே அவனுக்கு இடமிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மெடல்களைக் குறித்து இவ்வளவு எழுதினாலும் ஒன்று சொல்லிவிடுகிறோம். நம்மிடம் வருகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவரும் பாரிஸுக்குப் போகப்போவதில்லை. அதற்காக விளையாடவும் வேண்டாம். மனிஷாவின் புகைப்படத்தை பிசியோதெரபி அறைச் சுவரில் ஒட்டுவதனால் ஒரு நன்மை உண்டு. கையைத் துண்டில் மறைக்கிற தாய் அதைப் பார்ப்பாள். எங்களுக்கு அது போதும்.

இப்போது வேதத்தைக் காட்டிக் கேட்கிறவர்களுக்கு. சரீரப் பயிற்சியின் பயன் கொஞ்சம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே (1 தீமோத்தேயு 4:8) என்கிறார்கள். அங்கே மூலத்தில் வருகிற கிரேக்கச் சொல் 'கும்னசியா'. ஜிம்னேஷியம் என்கிற வார்த்தைக்கு அதுவே வேர். அதோடு சேர்ந்து வருகிற சொற்றொடரைக் 'கொஞ்ச காலத்துக்கு' என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று வேத பண்டிதர்களில் பலர் சொல்லுகிறார்கள். எப்படி எடுத்தாலும் பயனில்லை என்று பவுல் சொல்லவில்லை. தேவபக்தியின் நித்திய பலனோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் என்கிறார். மருந்தின் பயனும், ஆபரேஷனின் பயனும், நம் ஆஸ்பத்திரி முழுவதன் பயனும் அந்த அளவுகோலில் கொஞ்சம்தான். அதற்காக நாம் ஆஸ்பத்திரியை மூடிவிடவில்லை.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் அலங்கார வாசல் முடவனைப் பாருங்கள். அவன் பாதங்களும் கணுக்கால்களும் பலம் பெற்றதை லூக்கா தனித்தனியே குறித்திருக்கிறார். வைத்தியனின் கண் அது. நாற்பது வயதுக்கு மேல் ஒருநாளும் நடவாத கால் அந்த நொடியிலே குதித்தது. நம் நோயாளிகளுக்கு அந்தத் தசைகள் மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளின் உழைப்பினால் வருகின்றன.

எவ்வளவு உழைப்பு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று முதன்முறையாகத் தனியே எழுதியது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவுதான். முடியாதவர்கள் முடிந்ததைச் செய்தாலும் நன்மை உண்டு என்றும் அதிலே சொல்லியிருக்கிறது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் அவர்கள் பங்குபெற வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவள்ளூருக்கு வர நேர் ரயில் கிடையாது. இரண்டு பஸ் மாறி, சக்கர நாற்காலியோடு யார் வருவார்கள்? ஊரிலே இடம் இருந்தால்தான் ஆகும்.

ஆர்வத்தோடு தொடங்குகிற சபைகளுக்கு எங்கள் பிசியோதெரபி பிரிவு சில எச்சரிப்புகளைச் சொல்லச் சொன்னது. தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. நம் சித்திரை வெயிலில் அவர் உடம்பு அடுப்பாகிவிடும். காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும், அல்லது சாயங்காலம் ஐந்துக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரத்துண்டும் தண்ணீரும் கையருகே இருக்கட்டும். நடு மார்புக்கு மேலே அடிபட்டவருக்கு விளையாட்டின் நடுவே திடீரென்று தலை பிளக்கிற வலி வந்து முகம் வியர்த்தால், பெரும்பாலும் மூத்திரப்பை நிறைந்திருக்கும், அல்லது குழாய் மடங்கியிருக்கும். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நேரம் அது. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிசெய்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். செயற்கைக் கால் போட்டவர் ஆடி முடித்ததும் அதைக் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலியோ வந்தவர்கள் களைப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் தசையை வாட்டி எடுத்தால் அதுவும் போகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைக் குட்டிக்கரணம் போட விடுவதற்கு முன் கழுத்தெலும்பை டாக்டர் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள் தேய்கிறவர்களுக்கு மார்புத் தசை மட்டும் வளரும். அவர்களுக்குப் பின்னால் இழுக்கும் பயிற்சி அவசியம். குட்மனின் வில் இன்றைக்கும் அதற்கு உதவும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் உட்கார்ந்து ஆடும் வாலிபாலைச் சொல்வோம். விசேஷ நாற்காலி எதுவும் வேண்டாம். களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை அடிக்கும்போது இருக்கை தரையை விட்டு எழும்பக்கூடாது என்பதே முக்கியமான விதி. இரண்டு சவுக்குக் கம்பும் வழுவழுப்பான தரையும் போதும். பல ஆலயங்களின் பின்பக்கத்தில் இவ்வளவு இடம் இருக்கிறது. பாதி இடத்தில் பந்தல் சாமான் கிடக்கிறது. கால் இழந்தவர்களுக்கும் போலியோ வந்தவர்களுக்கும் இது நல்லது. நல்ல காலுள்ள வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து ஆடலாம், தோற்றும் போகலாம். இடுப்பிலே உணர்வில்லாதவர்கள் மட்டும் தரையில் தேய்த்து ஆடக்கூடாது, புண் வரும். அவர்களுக்கு நாற்காலியில் இருந்தபடி எறிபந்து, மேஜைப் பந்து, வில். கைகால் இறுகிய மூளைவாதப் பிள்ளைகளுக்கு போச்சா என்ற ஆட்டம் உண்டு. ஒரு வெள்ளைப் பந்தைக் குறிவைத்து ஆளுக்கு ஆறு சிவப்போ நீலமோ பந்துகளை உருட்டுவார்கள். எறிய முடியாதவர் காலால் உதைக்கலாம், சரிவான தகட்டில் வைத்து உருட்டியும் விடலாம்.

வலை வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆலய வளாகத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்துக்கு வருகிறவர்கள், பெண்கள் முக்கியமாய், முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதிலே மூத்திரத் தொற்று ஆரம்பிக்கும். கதவு 90 சென்டிமீட்டர் அகலமாவது திறக்க வேண்டும். உட்பக்கம் நாற்காலி திரும்ப இடம், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. சரிவுப்பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது இருக்கட்டும். கொத்தனார் ஆறடி போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். வரைபடம் எங்கள் பிசியோதெரபி பிரிவில் இருக்கிறது. கேட்கிற சபைகளுக்கு அனுப்பி வைக்கிறோம்.